படிகமாகாத இனிப்பு

கரும்பு முற்றிவிட்டதா என்று பார்க்க வரும் ஆலை ஊழியரின் சட்டைப் பையில் ஒரு சின்னக் குழல் இருக்கும். ஒரு முனையில் கண் வைக்க வேண்டும்; மறுமுனையில் சாய்வான கண்ணாடி, அதன்மேல் ஒரு மூடி. கை பிரிக்ஸ் மீட்டர் என்பார்கள். விழுப்புரம் பக்கத்து வயல் ஒன்றில் அதை வேலையில் பார்க்கக் கிடைத்தது. கழியின் அடிக்கணுவுக்கு மேலே குத்தி எடுத்த ஒரு சொட்டுச் சாற்றைக் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடித்தார். உள்ளே நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு 21இல் நின்றது. நுனியில் எடுத்த சொட்டுக்கு 16தான். "இன்னும் மூணு வாரம் போவட்டும்ண்ணே" என்றார். வயல்காரர் குழலை வாங்கிப் பார்க்கவில்லை. நுனியை ஒடித்து ஒரு கடி கடித்து, மென்று துப்பினார். "ஆமா தம்பி, சப்புன்னுதான் இருக்கு."

பல்லும் பட்டகமும் ஒரே முடிவுக்கு வந்தன. ஆனால் இரண்டுமே சொல்லாத ஒன்று அந்தச் சாற்றுக்குள் இருக்கிறது. பிரிக்ஸ் என்பது சாற்றில் கரைந்திருக்கும் எல்லாவற்றின் மொத்தக் கணக்கு. அதில் பெரும்பங்கு சுக்ரோஸ், அதாவது நாம் டீயில் போடும் சர்க்கரை. கூடவே குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், கொஞ்சம் உப்புகள். சர்க்கரை ஆலைக்கு வேண்டியது சுக்ரோஸ் மட்டும்தான். அதுதான் ஒழுங்காகப் படிகமாகும். குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் படிகமாக மறுப்பதோடு நிற்பதில்லை, பக்கத்தில் இருக்கும் சுக்ரோஸையும் பாகோடு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இவை அதிகம் இருப்பது நுனியில், வளர்ந்துகொண்டிருக்கும் இளங்கணுக்களில். கொழுந்தாடையைக் கழித்துவிட்டு அனுப்பச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

வெட்டிய கரும்பை உடனே அரைக்கச் சொல்வதும் இதனால்தான். வெட்டுப்பட்ட நொடியிலிருந்து கழிக்குள் இருக்கும் இன்வர்டேஸ் என்ற நொதி, சுக்ரோஸை ஒவ்வொன்றாய்ப் பிளந்து குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமாக்க ஆரம்பிக்கிறது. ஆலை வாசலில் டிராக்டர் வரிசை நீண்டு, வண்டி ஒன்றரை நாள் வெயிலில் நின்றால் எடை குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். சாற்றுக்குள் நடக்கும் சேதம் கண்ணுக்குத் தெரியாது. இனிப்பு அங்கேயேதான் இருக்கும். சர்க்கரையாக மட்டும் வராது.

ஈஸ்ட்டுக்கு இந்தப் பேதமெல்லாம் கிடையாது. சுக்ரோஸ் கொடுத்தால் தன்னிடமுள்ள இன்வர்டேஸால் முதலில் அதைப் பிளந்துகொள்ளும், பிறகு இரண்டு துண்டுகளையும் தின்னும். 100 கிலோ குளுக்கோஸ் கொடுத்தால் வேதியியல் கணக்குப்படி 51 கிலோ எத்தனாலும் 49 கிலோ கரியமில வாயுவும் வரும். சர்க்கரைக்காரர் எதைத் தடுக்கப் படாதபாடு படுகிறாரோ, அதுவே சாராயம் காய்ச்சுவதில் முதல் படி. கரும்பு விவசாயத்தில் எத்தனால் கொண்டுவந்த மாற்றங்கள் பலவற்றையும் தோண்டிக்கொண்டே போனால் கடைசியில் இந்த இடத்தில்தான் வந்து நிற்கும்: ஒரே சாறு, அதற்கு இரண்டு அளவுகோல்.

ஆலைக்குள் போவோம். சுத்தம் செய்த சாற்றைச் சுண்டக் காய்ச்சிப் படிகம் எடுப்பார்கள். மிஞ்சிய பாகை மறுபடி காய்ச்சிப் படிகம் எடுப்பார்கள். மூன்றாம் முறையும் எடுத்த பிறகு கறுப்பாய், தார் போல ஒன்று மிஞ்சும். அதுதான் மொலாசஸ், கழிவுப்பாகு. பெயரில்தான் கழிவு, எடையில் ஏறக்குறைய பாதி இனிப்பு. ஒரு டன் கரும்புக்கு 45 கிலோ கழிவுப்பாகு வரும். அதிலிருந்து பத்து, பதினோரு லிட்டர் எத்தனால் எடுக்கலாம். நெடுங்காலம் இதற்கு முக்கியமான வாடிக்கையாளர் மதுபானத் தொழில்தான். எரிசாராயம் என்ற சொல் இன்றும் நம் செய்தித்தாள்களில் போலீஸ் செய்தியில்தான் அதிகம் வருகிறது.

மூன்றாம் முறை காய்ச்சாமல் இரண்டாவதோடு நிறுத்தினால் பாகில் இனிப்பு கூடுதலாகத் தங்கும். டன்னுக்குச் சுமார் 20 லிட்டர் எத்தனால்; அதற்கேற்பச் சர்க்கரை குறையும். படிகமே எடுக்காமல் சாறு முழுவதையும் ஈஸ்ட்டுக்கு ஊற்றிவிட்டால் டன்னுக்கு 70 லிட்டர். இவை மூன்று குழாய்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலில் எத்தனால் கலக்கும் சோதனை இந்தியாவில் 2001இல் தொடங்கியது. மகாராஷ்டிரத்தில் மிரஜ், மன்மாடு, உத்தரப் பிரதேசத்தில் பரேலிப் பகுதி என மூன்று இடங்களில். (மிரஜ் என்ற பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வரும்.) 2003இல் ஒன்பது மாநிலங்களில் 5 சதவீதக் கலப்பு அறிவிக்கப்பட்டது. ஆனால் திறந்திருந்தது முதல் குழாயான கழிவுப்பாகு மட்டும்தான். 2013-14இல் கூடக் கலப்பு 1.53 சதவீதத்தில்தான் இருந்தது. 2018இல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கைதான் மற்ற இரண்டு குழாய்களையும் திறந்துவிட்டது. அதன்பின் ஓட்டம்தான்: 2022இல் 10 சதவீதம், 2025இல் 20.

ஏன் 2018? சுற்றுச்சூழல் அக்கறை, எண்ணெய் இறக்குமதிச் செலவு என்று அறிக்கைகள் சொல்லும். இரண்டும் பொய்யில்லை. ஆனால் அவசரத்தைக் கொடுத்தது சர்க்கரைக் குவியல். அந்தக் குவியலின் வேர் கோயம்புத்தூரில் இருக்கிறது.

கோவை கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912இல் ஆரம்பிக்கப்பட்டது. பார்பர், டி.எஸ். வெங்கட்ராமன் என்ற ஆய்வாளர்கள் அங்கே செய்த காரியம் அந்தக் காலத்துக்குத் துணிச்சலானது. 'வெள்ளை' என்ற பருத்த இனிப்புக் கரும்பை ஆற்றங்கரை நாணலோடு கலந்தார்கள். இனிப்பே இல்லாத காட்டுப்புல் அது. ஆனால் குளிரையும் வறட்சியையும் நோயையும் தாங்கும். அப்படிப் பிறந்து 1918இல் வெளியான கோ 205 வட இந்தியக் கரும்பு விவசாயத்தையே மாற்றியது. இன்றும் ரகப் பெயர்களின் முன்னால் நிற்கும் 'கோ' என்பது கோயம்புத்தூர்தான். அதே நிலையத்தின் கர்னால் கிளையில் பக்ஷி ராம் உருவாக்கிய கோ 0238 என்ற ரகம் 2009இல் வெளியானது. உத்தரப் பிரதேச உழவர்கள் அதை அள்ளிக்கொண்டார்கள். விளைச்சலும் கூடியது, இனிப்பும் கூடியது. அந்த மாநில ஆலைகளின் சர்க்கரைக் கட்டுமானம், அவர்கள் பேச்சில் ரெக்கவரி, 9 சதவீதத்தைச் சுற்றி இருந்தது 11ஐத் தாண்டிப்போனது.

விளைவு, 2017-18இல் நாட்டின் சர்க்கரை உற்பத்தி 320 லட்சம் டன்னைத் தாண்டியது. நாடு தின்பதோ 250 லட்சம் டன் அளவுதான். விலை விழுந்தது. 1966ஆம் ஆண்டு கட்டுப்பாட்டு ஆணைப்படி கரும்பு வந்து 14 நாளில் பணம் கொடுக்க வேண்டும், ஆலைகள் கொடுக்கவில்லை. உழவர்களுக்கு வரவேண்டிய பாக்கி 20,000 கோடி ரூபாயைத் தாண்டியது. கரும்பைக் குறைத்து நடச் சொல்ல எந்த அரசுக்கும் தைரியம் வராது. அதைவிடச் சுலபமான வழி, கரும்பு அப்படியே இருக்கட்டும், அதில் சர்க்கரை எடுப்பதைக் குறைப்போம் என்பது.

அந்த வழி வேலை செய்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். லாபக் கணக்கைவிட இதில் முக்கியம் பணம் சுற்றும் வேகம். அரைப்பது நாலைந்து மாதம். அந்தச் சர்க்கரையை மூட்டை மூட்டையாய் விற்று முடிக்க ஆலைக்கு ஓர் ஆண்டுக்கு மேல் ஆகும். எத்தனாலுக்கு எண்ணெய் நிறுவனங்கள் மூன்று வாரத்தில் பணம் தந்துவிடும். எத்தனால் எடுக்கும் வடிசாலை வைத்திருந்த ஆலைகளில் உழவர் பாக்கி குறைந்ததற்கு இதுவே பெரிய காரணம். பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டக் கரும்புப் பணத்தை நம்பியிருந்த குடும்பத்துக்கு அது சின்ன விஷயம் அல்ல.

தமிழ்நாட்டின் கதை வேறு. இங்கே குவியல் கிடையாது. 2011-12 வாக்கில் 24 லட்சம் டன்னை எட்டிய சர்க்கரை உற்பத்தி, அடுத்தடுத்த வறட்சியில், குறிப்பாக 2016-17க்குப் பிறகு, மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனது. ஆலையின் திறனுக்கேற்ற கரும்பு வராத இடத்தில் எந்தக் குழாயைத் திறந்தாலும் ஓடுவது குறைவாகத்தான் இருக்கும்.

கோ 0238க்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். கரும்பு விதையில் வருவதில்லை, கரணையில் வருகிறது. பருவுள்ள துண்டை நட்டால் தாயின் அச்சு அசல் நகல் முளைக்கும். உத்தரப் பிரதேசக் கரும்புப் பரப்பில் ஐந்தில் நான்கு பங்கு ஒரே ரகமாக இருந்தபோது, பல லட்சம் ஏக்கரில் நின்றது மரபணுக் கணக்கில் ஒரே செடி. செவ்வழுகல் பூஞ்சை ஒரு கழியின் பூட்டைத் திறக்கக் கற்றுக்கொண்டால் போதும், எல்லா வீட்டுச் சாவியும் கையில். அதுதான் நடந்தது. கழியைப் பிளந்தால் உள்ளே சிவப்பு, நடுநடுவே வெள்ளைத் திட்டு, மூக்கில் புளித்த சாராய வாடை. எத்தனால் அந்த நோயைக் கொண்டுவரவில்லை. ஆனால் எவ்வளவு கொடுத்தாலும் வாங்க ஆள் இருக்கும்போது ரகத்தை மாற்றவும், ஒரு போகம் வேறு பயிர் வைக்கவும் யாருக்கும் அவசரம் இருக்காது என்பது என் எண்ணம்.

2023 ஆகஸ்டில் மழை பொய்த்தது. நூறாண்டுகளுக்கு மேலான பதிவில் அவ்வளவு வறண்ட ஆகஸ்ட் இல்லை. மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் கரும்பு வாடியது. தேர்தல் ஆண்டு நெருங்க, சர்க்கரை விலை ஏறிவிடக் கூடாது. டிசம்பர் 7ஆம் தேதி மத்திய அரசு, அந்தப் பருவத்தில் சாற்றிலிருந்து எத்தனால் எடுக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. ஒரு வாரம் கழித்துக் கொஞ்சம் இளக்கி, 17 லட்சம் டன் சர்க்கரைக்குச் சமமான அளவு மட்டும் திருப்பலாம் என்றது. அதற்கு முந்தைய பருவத்தில் அப்படித் திரும்பியது சுமார் 40 லட்சம் டன். அடுத்த ஆகஸ்டில் தடை நீங்கியது. மகாராஷ்டிரத்தில் ஆடி வாக்கில் நடும் கரும்பு வெட்டுக்கு வர 16 முதல் 18 மாதம் ஆகும். நடும்போது இருந்த கொள்கை வெட்டும்போது இருக்கும் என்று எந்த உழவரும் இப்போது நம்புவதற்கில்லை.

பெட்ரோல் பங்குக்கு எத்தனால் நிற்கவில்லை. கரும்பு விட்ட இடத்தில் மக்காச்சோளம் ஏறி உட்கார்ந்தது. நூறு நாள், நூற்றுப்பத்து நாளில் அறுவடை. ஒரு டன்னுக்கு 380 லிட்டர் எத்தனால். 2024இல் அரசு விலை லிட்டருக்கு 71.86 ரூபாய். கரும்புச் சாற்று எத்தனாலுக்கு 65.61. 2023-24இல் எத்தனாலில் ஐந்தில் இரண்டு பங்கு மக்காச்சோளத்திலிருந்து வந்து, முதலிடமும் அதற்கே போனது. நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்கள் தீவன விலை ஏறியதற்கு எத்தனாலைத் திட்டியது இதனால்தான். அதுவரை மக்காச்சோளம் ஏற்றுமதி செய்துவந்த நாடு 2024இல் வாங்கத் தொடங்கியது. கரும்பு உழவருக்காக என்று பேசித் தொடங்கிய திட்டத்தில் கரும்பு இரண்டாம் வரிசைக்குப் போனதை அதிகம் பேர் கவனிக்கவில்லை.

தண்ணீருக்கு வருவோம். நிதி ஆயோக் குழு 2021இல் வெளியிட்ட எத்தனால் கலப்புத் திட்ட அறிக்கையே சொல்கிறது: கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்க ஏறக்குறைய 2,860 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. இதைக் கேட்டதும் கரும்பை ஊதாரிப் பயிர் என்று முடிவுகட்டுவது வழக்கம். அது முழு நியாயமல்ல. சூரிய ஒளியைப் பிடித்து உடம்பாக்குவதில் கரும்பு பெரிய கெட்டிக்காரப் பயிர். சி4 என்று இன்று பாடப்புத்தகத்தில் உள்ள ஒளிச்சேர்க்கைப் பாதையே கரும்பில்தான் கண்டுபிடிக்கப்பட்டது: ஹவாயில் கோர்ட்சாக் பிடித்த நுனியை 1966இல் பிரிஸ்பேனில் ஹாட்சும் ஸ்லாக்கும் முழுதாய் அவிழ்த்தார்கள். அவர்கள் வேலை பார்த்தது ஒரு சர்க்கரை நிறுவனத்தின் ஆய்வகத்தில். இந்தப் பாதையில் இலை கரியமில வாயுவை உள்ளே குவித்து வைத்துக்கொள்வதால், துளைகளை அகலத் திறந்து நீரைக் கோட்டைவிட வேண்டியதில்லை. ஒரு கிலோ உலர் எடைக்குக் கணக்குப் போட்டால் நெல்லைவிடக் கரும்பு சிக்கனம்.

சிக்கல் அது நிற்கும் காலத்தில் இருக்கிறது. மற்ற பயிர்கள் அறுவடை முடிந்து நிலம் சும்மா கிடக்கும் சித்திரை வெயிலிலும் கரும்பு நின்று குடிக்கும். மகாராஷ்டிரத்தில் சாகுபடிப் பரப்பில் 4 சதவீதம்தான் கரும்பு. பாசன நீரில் 70 சதவீதம் அதற்குப் போகிறது என்று பல அறிக்கைகள் சொல்கின்றன. 2016 ஏப்ரலில் அந்த மாநிலத்தின் லாத்தூர் நகரம் குடிநீரின்றித் தவித்தபோது ரயிலில் தண்ணீர் அனுப்பினார்கள். லாத்தூரைச் சுற்றியும் சர்க்கரை ஆலைகள் உண்டு. தண்ணீர் ரயில் கிளம்பிய ஊர் மிரஜ். 340 கிலோமீட்டருக்கு அப்பால், கிருஷ்ணா நதிக் கரும்புச் சீமையில் இருக்கும், எத்தனால் சோதனை தொடங்கிய அதே மிரஜ். முதல் ரயிலில் போனது சுமார் 5 லட்சம் லிட்டர். அதை 2,860ஆல் வகுத்தால் 175 வருகிறது. நாலைந்து கார்களின் டேங்க்.

சொட்டுநீர் போட்டால் 30, 40 சதவீதம் மிச்சம் என்பது உண்மை. பருச்சீவல் நாற்றை ஐந்தடி இடைவெளியில் நட்டு, சொட்டுநீரில் உரமும் கரைத்துவிட்டு நல்ல விளைச்சல் எடுப்பவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். ஆனால் மிச்சமான தண்ணீர் கிணற்றில் தங்குவது அபூர்வம். பக்கத்து ஏக்கரிலும் கரணை ஏறிவிடும்.

இனி வடிசாலையின் பின்வாசல். ஒரு லிட்டர் எத்தனாலுக்குப் பத்து முதல் பதினைந்து லிட்டர் கழிவுநீர் வெளியேறும். அடர்பழுப்பு, சூடு, கிட்டே போனால் மூக்கைப் பொத்தவைக்கும் நெடி. ஆற்றில் விட்டால் மீன் மூச்சுத் திணறிச் சாகும். மண்ணில் தேக்கினால் ஊர்க் கிணறு டீத்தண்ணி நிறமாகும். ஆனால் ஒரு நிமிடம் யோசியுங்கள். எத்தனால் மூலக்கூறில் இருப்பது கார்பன், ஹைட்ரஜன், ஆக்ஸிஜன் மட்டும். மூன்றும் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் வந்தவை. உழவர் மூட்டை மூட்டையாய் வாங்கிப் போட்ட சாம்பல்சத்து ஒரு துளிகூட பெட்ரோல் டேங்குக்குப் போவதில்லை. சாற்றோடு வந்த பொட்டாஷ் அத்தனையும் அந்த நாற்றம்பிடித்த நீரில்தான் இருக்கிறது. பிரேசிலில் அதில் நீர் கலந்து கரும்பு வயலுக்கே பாய்ச்சுகிறார்கள். இங்கே வெளியே ஒரு சொட்டும் விடக் கூடாது என்ற விதி வந்தபின், பல வடிசாலைகள் அதைச் சுண்டவைத்துக் கொதிகலனில் எரிக்கின்றன. சாம்பலைக் குருணையாக்கிப் பொட்டாஷ் உரமாக விற்கிறார்கள். பொட்டாஷை ஏறக்குறைய முழுவதும் வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாட்டுக்கு அது நல்ல சேதி. தன் வயலிலிருந்து போன சத்தை உழவர் மறுபடி காசு கொடுத்து வாங்குகிறார் என்பது வேறு விஷயம்.

பிரேசில் இந்தப் பாதையில் நமக்கு வெகுதூரம் முன்னால் போனது. 1973 எண்ணெய் நெருக்கடி கொடுத்த அடியில், 1975 நவம்பரில் அதிபர் கைசலின் ஆட்சி 'ப்ரோ ஆல்கூல்' திட்டத்தை அறிவித்தது. 1979இல் சாராயத்தில் மட்டுமே ஓடும் ஃபியட் 147 வந்தது. எண்பதுகளின் நடுவில் அங்கே விற்ற புதுக் கார்களில் பத்தில் ஒன்பது அந்த வகை. அப்புறம் சர்க்கரை விலை ஏறியது. ஆலைகள் சர்க்கரைப் பக்கம் சாய, 1989-90இல் பங்குகளில் எத்தனால் இல்லை. வாங்கியவர்கள் கையைப் பிசைந்தார்கள். எந்தக் கலவையிலும் ஓடும் கார்கள் 2003இல் வந்த பிறகுதான் நம்பிக்கை திரும்பியது. இதெல்லாம் கார்க்காரர் கதை. உழவர் கவனிக்க வேண்டிய தேதி 1999. அந்த ஆண்டு சாவோ பாலோவில் உழவர்களும் ஆலைகளும் சேர்ந்து 'கான்செகானா' என்ற விலைமுறையை ஏற்படுத்திக்கொண்டார்கள். ஆலை வாசலில் லாரிச் சுமைக்குள் ஒரு குழாய் துளைத்து இறங்கி மாதிரி எடுக்கும். கரும்பில் மொத்தம் எவ்வளவு இனிப்பு மீட்க முடியும் என்று அளப்பார்கள். சுக்ரோஸ் மட்டுமல்ல, குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் அதில் சேரும். ஒரு கிலோ இனிப்புக்கு என்ன விலை என்பதைச் சர்க்கரை, எத்தனால் இரண்டின் சந்தை விலையும் சேர்ந்து தீர்மானிக்கும். ஈஸ்ட்டின் அளவுகோலை அவர்கள் ரசீதுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

நம் விலை இன்னும் படிகத்தின் அளவுகோலில்தான் ஓடுகிறது. 2024-25இல் மத்திய அரசின் விலை, 10.25 சதவீதச் சர்க்கரைக் கட்டுமானத்துக்குக் குவிண்டாலுக்கு 340 ரூபாய், 9.5க்குக் கீழே போனால் 315 ரூபாய் 10 பைசா. தமிழக ஆலைகள் பெரும்பாலும் அந்தக் கீழ்ப்படியில் நிற்கின்றன. அந்தப் பருவத்தில் மாநில ஊக்கத்தொகை 349 ரூபாய் சேர்த்து டன்னுக்கு 3,500. பாகில் இனிப்பை வேண்டுமென்றே விட்டுவைத்து எத்தனாலுக்கு அனுப்பும் ஆலையில் கட்டுமானம் இயல்பாகவே குறைந்து தெரியும். அந்தக் குறைவைத் திரும்பக் கூட்ட நடைமுறை உண்டு; அந்தக் கணக்கை உழவர் தன் கண்ணால் பார்க்க வழியில்லை. ரங்கராஜன் குழு 2012இலேயே துணைப்பொருள் வருவாயையும் சேர்த்து அதில் 70 சதவீதம் உழவருக்கு என்று பரிந்துரைத்தது. தமிழ்நாடு 2018இல் வருவாய்ப் பங்கீட்டுக்குச் சட்டமும் போட்டது. ஆலைகள் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது: கரும்பு விலை ஆண்டுதோறும் ஏறுகிறது, 2022-23இல் வைத்த சாற்று எத்தனால் விலை 2024-25இலும் அதே 65.61தான்.

மூன்று வாரம் கழித்து அந்த விழுப்புரத்து வயலுக்கு வெட்டு உத்தரவு வந்திருக்கும். வண்டி எடைமேடையில் ஏறி இறங்கியிருக்கும். கையில் ஒரு சீட்டு: வண்டி எண், மொத்த எடை, காலி வண்டி எடை, கழிவு, நிகர எடை. அந்த வயலின் சாறு எப்படி இருந்தது என்பதற்குச் சீட்டில் கட்டம் இல்லை. விலைக்கு ஆலையின் மொத்தச் சராசரிதான். நுனியைக் கடித்துத் துப்பினாரே, அந்தச் சாற்றிலிருந்த குளுக்கோஸ் எடையில் சேர்ந்துவிட்டது. விலையில் சேரவில்லை.